விசாவில் எழுதப்பட்டிருக்கும் வாழ்க்கை

ஒருவர் வெளிநாடு போகிறார் என்ற செய்தி வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த நாடு?" என்பது. அடுத்தது "சம்பளம் எவ்வளவு?" என்பது. "என்ன விசா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. போன பிறகு அவர் எங்கே தங்குவார், குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியுமா, முதலாளி பிடிக்கவில்லையென்றால் வேறு வேலைக்கு மாறலாமா, நோய் வந்தால் யார் செலவு, பத்து வருடம் கழித்து அங்கேயே இருக்க முடியுமா என்பவற்றில் பெரும்பாலானவற்றை முடிவு செய்வது கேட்கப்படாத அந்த மூன்றாவது கேள்விதான். ஒரே சிங்கப்பூரில், ஒரே தெருவில், ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு தமிழர்கள் முற்றிலும் வேறுபட்ட இரண்டு வாழ்க்கைகளை வாழ்வதற்குக் காரணம் அவர்களுடைய பாஸ், அதாவது வேலை அனுமதி, வேறு வேறு என்பதே. புறப்படும் முன் மனத்தில் வளரும் தவறான எண்ணங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாமே நாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு விசாவைப் பற்றி விசாரிக்காமல் விட்டதில் போய் முடிகின்றன.

இது சிறிய கூட்டத்தின் பிரச்சினை அல்ல. 2015-இல் நடத்தப்பட்ட தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாட்டில் வாழ்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் அவர்கள் அதிகம் இருக்கும் நாடுகள். 2023-24-ஆம் ஆண்டுக்கான ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி, வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 10 விழுக்காடு. அந்தப் பணம் கட்டிய வீடுகளைக் கீழக்கரையிலும் கூத்தாநல்லூரிலும் யாரும் பார்க்கலாம். படிக்க வைத்த பிள்ளைகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டு வாழ்க்கையே ஏமாற்று என்று சொல்வதும் இன்னொரு தவறான எண்ணம்தான். போகக்கூடாது என்பது இங்கே வாதம் இல்லை. எதற்குள் போகிறோம் என்று தெரிந்து போகவேண்டும் என்பதே வாதம்.

முதல் தவறு கணக்கில் நடக்கிறது. துபாயில் 1,500 திர்ஹம் சம்பளம் என்றால் மனம் உடனே அதை ரூபாயாக்கி, முப்பதாயிரத்தைத் தாண்டுகிறதே என்று மகிழ்கிறது. சம்பாதிப்பதை ரூபாயில் கணக்கிடும் அதே மனம் அங்கே செய்யப்போகும் செலவைக் கணக்கிடுவதே இல்லை. சாப்பாடு, தொலைபேசி, ஊருக்குப் போய்வரும் டிக்கெட் இவற்றை யார் தருகிறார்கள் என்பது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்ற பிரிவும் அங்கேதான் இருக்கிறது. அமீரகச் சட்டப்படி வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் வருகிறது. மொத்தச் சம்பளம் ஒன்றாகவே இருந்தாலும் அடிப்படையைக் குறைத்து, படிகளை ஏற்றி எழுதினால், பல ஆண்டு உழைத்தவர் கையில் கடைசியில் வருவது சுருங்கிவிடும். வளைகுடா முழுவதும் சட்டப்படி ஒரு குறைந்தபட்சக் கூலி இருக்கும் என்ற எண்ணமும் சரியில்லை. கத்தார் 2021 மார்ச்சில்தான் எல்லாத் தொழிலாளர்களுக்கும் மாதம் 1,000 ரியால் என்று நிர்ணயித்தது. தங்குமிடமும் உணவும் முதலாளி தராவிட்டால் அவற்றுக்கு 500-உம் 300-உம் தனி. அக்கம்பக்கத்து நாடுகளுக்கு அந்த விதி பொருந்தாது.

கணக்கின் மறுபக்கத்தில் ஏஜென்ட் கட்டணம் நிற்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சிங்கப்பூரில் உள்ள ஏஜென்ட், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. நடைமுறையில் லட்சங்கள் கைமாறுகின்றன. டெஸ்ட் அடித்துவிட்டு, அதாவது திறன் தேர்வில் தேறிவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் கட்டுமானத் தொழிலாளி, பயிற்சி, தேர்வு, ஏஜென்ட், டிக்கெட் என்று நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கட்டிய பணத்தை மீட்கவே முதல் ஆண்டின் உழைப்பு போய்விடுவதுண்டு. இவ்வளவு கொடுத்தால்தான் நல்ல கம்பெனி கிடைக்கும் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். கடன் இருப்பவரால் மோசமான முதலாளியை விட்டு விலக முடியாது. ஒரு நாளும் கூலியை விட முடியாது. பெரிய கட்டணம் நல்ல வேலைக்கான உத்தரவாதம் இல்லை என்பதோடு, தொழிலாளியின் பேரம் பேசும் பலத்தைப் புறப்படும் முன்பே பறித்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது 'ஃப்ரீ விசா' என்ற நம்பிக்கை. வளைகுடா போகிறவர்கள் வட்டாரத்தில் இது சாதாரணப் பேச்சு. குறிப்பிட்ட முதலாளி இல்லை, எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், நாலு இடத்தில் வேலை பார்த்தால் நாலு மடங்கு சம்பாதிக்கலாம் என்று சொல்லி விற்கப்படுகிறது. ஃப்ரீ விசா என்ற பெயரில் ஒரு விசா எந்த வளைகுடா நாட்டின் சட்டத்திலும் இல்லை. உண்மையில் நடப்பது இதுதான்: அங்குள்ள ஒரு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர், தன் பெயரில் ஒரு விசாவை எடுத்து விற்கிறார். வந்தவர் அவரிடம் வேலை செய்வதில்லை. வெளியே கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, இக்காமா என்ற வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கவும் கஃபீலின் தயவுக்காகவும் பணம் கட்டிக்கொண்டே இருக்கிறார். விசாவில் பெயர் இருக்கும் முதலாளியைத் தவிர வேறிடத்தில் தனி அனுமதியின்றி வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். கஃபீலுக்கு மனம் மாறினால், தொழிலாளி ஓடிவிட்டார் என்று சவூதியில் 'ஹுரூப்' பதிவு செய்துவிடலாம். அதன்பின் அவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர். பிடிபட்டால் சிறை, நாடு கடத்தல். 2013-இல் சவூதி அரசு, உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டத்தோடு சட்டவிரோதத் தொழிலாளர் மீது நடவடிக்கையைத் தீவிரமாக்கியபோது, பொதுமன்னிப்புக் காலத்தைப் பயன்படுத்தி லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பணம் கொடுத்து, முறையாகத்தான் வந்தோம் என்று நம்பிக்கொண்டு வந்தவர்கள்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நம்பிக்கை. சில நாடுகளில் சில நேரங்களில் இது நடக்கிறது. அதனால்தான் நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் ஒப்படைக்கப்பட்ட இளைஞர்களும் சுற்றுலாப் பயணிகளைப் போலத்தான் விமானம் ஏறினார்கள். 2022-இல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. ஆங்கிலமும் கணினியும் தெரிந்தவர்கள் என்பதாலேயே குறிவைக்கப்பட்டவர்கள்.

தங்குமிடம் இலவசம் என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. 2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில், ஏறத்தாழ இருநூறு தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. உயிரிழந்த இந்தியர்கள் மட்டும் குறைந்தது 45 பேர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை என்றும், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்றும் பின்னர் செய்திகள் வந்தன. இறந்தவர்கள் சட்டப்படி வேலைக்குப் போனவர்கள். ஓர் அறையில் எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அந்தக் கேள்வியைச் சென்னையிலோ கொச்சியிலோ நேர்காணல் அறையிலேயே கேட்கும் துணிவை அவருக்குக் கொடுப்பது, அனுப்புகிற சமூகத்தின் பொறுப்பும்கூட.

சிங்கப்பூர் தமிழர்களுக்கு அயலூர் போலவே தோன்றாத நாடு. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் எல்லாம் கிடைக்கும், நான்கு மணி நேரப் பயணம். இந்த நெருக்கமே ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. கட்டுமானம் போன்ற வேலைகளுக்குத் தரப்படும் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவி மக்களை அங்கே குடிவைக்க முடியாது. எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவரும் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டால்தான் குடும்பத்துக்கு டிபெண்டன்ட் பாஸ் கேட்கலாம். மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. பதினைந்து ஆண்டு வொர்க் பெர்மிட்டில் உழைத்தவருக்கு அந்த நாட்டில் ஓய்வூதியச் சேமிப்பு என்று எதுவும் சேராது. குடும்பத்தை அழைப்பதில் அமீரகம் சற்று இளகியது: 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். ஆனால் அந்தச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியுமா என்பது வேறு விஷயம். சவூதியில் 2017 முதல் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் 2020-இல் 400 ரியாலானது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200 ரியால். பல குடும்பங்கள் பாதியில் ஊர் திரும்பியதற்கு இந்தக் கட்டணமும் ஒரு காரணம்.

மாணவர்கள் கதை வேறு. இங்கே ஏமாற்றுவது பெரும்பாலும் பொய் அல்ல, காலாவதியான உண்மை. கனடா அரசு 2022 நவம்பரில், படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பைத் தற்காலிகமாக நீக்கியது. அந்தச் சலுகை 2024 ஏப்ரல் இறுதியோடு முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வரம்பு வாரம் 24 மணி நேரமானது. அந்தச் சலுகைக் காலத்தில் முழுநேரம் வேலை பார்த்துக் கட்டணம் கட்டிய அண்ணன்மார்களின் அனுபவம், அடுத்த தொகுதி மாணவர்களுக்கு ஆலோசனையாக இன்றும் போய்ச் சேர்கிறது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒண்டாரியோ மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். 24 மணி நேரத்துக்கு வாரம் 422 டாலர், நான்கு வாரத்துக்கு 1,700-க்குச் சற்றுக் குறைவு. டொராண்டோ பக்கத்தில் பகிர்ந்து வாழும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் அது சரியாகப் போகும். வெளிநாட்டு மாணவர்களின் இளநிலைப் பட்டக் கட்டணம் சராசரியாக ஆண்டுக்கு 40,000 டாலரைத் தொட்டுவிட்ட நாட்டில், பார்ட் டைம் வேலை பார்த்துப் படித்துவிடுவேன் என்ற வாக்கியத்துக்கு அடியில் தரையே இல்லை.

கனடா அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. மாணவர் கையில் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை நீண்ட காலம் 10,000 டாலராகவே இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. மாணவர் அனுமதிகளுக்கு 2024-இல் உச்சவரம்பும் வந்தது. படித்து முடித்ததும் கிடைக்கும் வேலை அனுமதி, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதைப் பொறுத்ததாயிற்று; தனியார் கல்லூரிகள் அரசுக் கல்லூரிகளோடு கைகோத்து நடத்தும் பல படிப்புகளுக்கு அது இல்லாமலே போனது. கல்லூரி என்று பெயர்ப்பலகை இருந்தால் போதும், பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை வந்துவிடும் என்று சேர்த்துவிட்ட ஏஜென்ட்களுக்குக் கமிஷன் ஏற்கெனவே வந்துவிட்டது.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது பெருமளவு உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கிவிடலாம். அதற்குப் பிறகு அங்கே வேலை கிடைக்க ஜெர்மன் மொழி வேண்டும் என்பது கடைசி ஆண்டில்தான் பலருக்கு உறைக்கிறது.

பட்டம் எங்கே போனாலும் பட்டம்தான் என்ற எண்ணம் டாக்டர்களையும் செவிலியர்களையும் ஆசிரியர்களையும் அதிகம் வதைக்கிறது. இங்கே இருபது வருடம் அறுவை சிகிச்சை செய்தவர் கனடாவில் தேர்வுகளும், பெரும்பாலும் மறுபடி பயிற்சி மருத்துவர் இடமும் இல்லாமல் ஒரு நோயாளியைத் தொட முடியாது. புள்ளிகள் கொடுத்துக் குடியேற்ற அனுமதி தருவது ஒரு துறை, தொழில் உரிமம் தருவது முற்றிலும் வேறோர் அமைப்பு. குடியேற்றத்துக்குப் படிப்பு மதிப்புப் பெற்றது என்பதால் வேலைக்கும் மதிப்புப் பெறும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. கனடிய அனுபவம் கேட்டே கதவை அடைக்கும் வழக்கத்துக்கு எதிராக ஒண்டாரியோ சட்டம் இயற்றி, வேலை விளம்பரங்களில் அப்படிக் கேட்பதை 2026 ஜனவரி முதல் தடை செய்தது. அந்த மாகாணமே சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்து அந்த முட்டுக்கட்டை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

பிரிட்டனின் பராமரிப்பு வேலை விசா, விதிகள் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு நல்ல சாட்சி. 2022 பிப்ரவரியில் முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பாளராக வேலை செய்ய வெளிநாட்டவருக்குக் கதவு திறந்தது. 2024 மார்ச் 11 முதல் அவர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்றானது. 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமம் ரத்தானது. அவற்றோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000-க்கும் அதிகம். ஸ்பான்சர் உரிமம் போனால் தொழிலாளிக்கு வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை விற்பது அங்கே சட்டவிரோதம். அதை லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியவர்கள் தாங்கள் ஒரு வேலையை வாங்கியதாக நினைத்தார்கள். இல்லாத வேலைக்கான காகிதத்தை வாங்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

மருத்துவம் இலவசம் என்ற நம்பிக்கையும் இதே நாட்டைச் சுற்றித்தான் அதிகம். பெரும்பாலான நீண்டகால விசாக்களோடு பெரியவர் ஒருவருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவன் மனைவிக்கு மூன்றாண்டு விசா என்றால் 6,210 பவுண்டு. கனடாவிலும் டாக்டரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை என்றாலும், மருந்தும் பல்லும் கண்ணும் பொதுவாக அரசுக் காப்பீட்டுக்கு வெளியே. அமெரிக்காவில் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை எல்லாத் தொழிலாளர்களுக்கும் உறுதி செய்யும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே இல்லை என்பது, இங்கே 26 வாரம் பெற்றுப் பழகிய பெண்களுக்கு அதிர்ச்சியாகவே இருக்கும்.

அமெரிக்காவைப் பற்றிய பெரிய தவறான எண்ணம், வசதியானவர்களுடையது: நல்ல வேலை, நல்ல சம்பளம் இருந்தால் மற்றது தானாக வரும் என்பது. எச்-1பி என்ற வேலை விசா பொதுவாக ஆறு ஆண்டுக்கானது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு சுமார் 1,40,000. அவற்றில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. மக்கள்தொகை எவ்வளவு என்பது கணக்கிலேயே வராது. அதனால் 2025-ஆம் ஆண்டின் விசா அறிவிப்புகளில், மேற்பட்டம் தேவைப்படும் வேலைகளுக்கான இ.பி.-2 பிரிவில் இந்தியாவில் பிறந்தோருக்கான வரிசை 2013-இல் விண்ணப்பித்தவர்களைச் சுற்றியே நின்றது. வேலை போனால் 60 நாள் அவகாசம். கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு 21 வயது நிரம்பும்போது கிரீன் கார்டு வராவிட்டால், அவர் பெற்றோரின் விசாவிலிருந்து விழுந்துவிடுகிறார். வேறு விசா தேட வேண்டும், அல்லது தான் வளராத ஒரு நாட்டுக்குத் திரும்ப வேண்டும். வீடு வாங்கி, கார் வாங்கி, கோயில் கட்ட நன்கொடை கொடுத்து வாழும் குடும்பங்களின் அடியில் இந்த நிச்சயமின்மை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஈழத்தமிழர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது முழுவதும் நியாயமாகாது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டவர்கள் சம்பளம் தேடிப் போகவில்லை, உயிர் தப்பிப் போனார்கள். ஆனாலும் கரை சேர்ந்துவிட்டால் மற்றது நடந்துவிடும் என்ற எண்ணத்தை ஏஜென்சிக்காரர்கள் அவர்களுக்கும் விற்றார்கள். 2010 ஆகஸ்ட்டில் எம்.வி. சன் சீ கப்பலில் கனடாவின் மேற்குக் கரையை அடைந்த 492 பேரும் நேராகத் தடுப்புக்காவலுக்குத்தான் போனார்கள். 2013 ஜூலை 19 முதல் படகில் வருபவர்களைத் தன் மண்ணில் குடியமர்த்துவதில்லை என்று ஆஸ்திரேலியா அறிவித்தது. இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கிய 2022-இல் கனடாவை நோக்கிப் புறப்பட்ட 303 பேர் கொண்ட கப்பல் நடுக்கடலில் தத்தளித்து, அவர்கள் வியட்நாமில் கரையிறக்கப்பட்டார்கள்.

காகிதத்தில் சொல்லப்பட்ட ஒரு பொய்யின் விலை என்ன என்பதை இலங்கையின் மூதூரைச் சேர்ந்த பெண் ரிசானா நபீக்கின் கதை காட்டியது. 2005-இல் வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டில் வீட்டு வேலைக்காக சவூதி அனுப்பப்பட்டவர். போன சில வாரங்களில் தன் பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்ததற்காகக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டார். அப்போது அவருக்குப் பதினேழு வயது என்று பிறப்புச் சான்று சொன்னது. கடவுச்சீட்டு இருபத்துமூன்று என்றது. 2013 ஜனவரி 9-ஆம் நாள் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைத் திருத்துவது வெறும் சம்பிரதாயம் என்று அந்த ஏழை வீட்டுக்குச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

இந்த எண்ணங்கள் ஏன் சாவதில்லை? விடுமுறையில் வருபவர் கடனைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் தங்கையின் கல்யாணப் பேச்சு பாதிக்கும், அம்மா அழுவாள், ஊர் இளக்காரமாகப் பார்க்கும். கேம்ப் அறையில் எடுத்த படம் வீட்டுக்கு வராது, புர்ஜ் கலீஃபா முன் எடுத்தது வரும். அவரைக் குறை சொல்ல முடியாது. அனுப்பும் பணத்தோடு நம்பிக்கையையும் சேர்த்து அனுப்ப வேண்டிய நிலையில் அவரை வைத்திருப்பது வீடுதான். அவர் மறைத்ததைக் கேட்காமல், காட்டியதை மட்டும் பார்த்து அடுத்தவர் கிளம்புகிறார்.

அரசின் பாதுகாப்பு ஏற்பாடும் ஒரு பழைய எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் பொதுவாகக் குடியகல்வு அனுமதி பெற வேண்டும். அவர்களுடைய ஒப்பந்தம் பதிவாகிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாயில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயமாகிறது. புறப்படும் முன் வழிகாட்டும் பயிற்சியும் முதன்மையாக அவர்களுக்கென்றே அமைந்தது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் கடவுச்சீட்டிலேயே விலக்கு. படித்தவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்பது அந்தக் காலத்து நினைப்பு. மியாவடியில் அடைபட்ட பட்டதாரியும், ஸ்பான்சர் உரிமம் ரத்தான பராமரிப்பாளரும், முப்பது லட்சம் கல்விக்கடனோடு வேலை அனுமதி தராத கல்லூரியில் சேர்ந்த மாணவரும் இந்த வலைக்கு வெளியே நின்றவர்கள். தமிழ்நாடு அரசுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று 1978 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கு ஓர் ஆணையரகமும் இருக்கிறது. கோவையிலும் திருச்சியிலும் ஓட்டல் கூடங்களில் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி நடக்கும் ஒவ்வொரு முறையும், அந்தந்த நாட்டின் இன்றைய விசா நிபந்தனைகளைத் தமிழில் அச்சிட்டு வைத்த ஓர் அரசு மேசையை அதே கூடத்தில் போடுவது இந்த அமைப்புகளால் இயலாத வேலை அல்ல.